வால்பேப்பருக்குப் பின்னால் உப்பு: கீழக்கரை வீட்டில் ஓர் அறை, நான்கு மாதம்

வீடும் அறையும்

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊரான கீழக்கரையின் பழைய தெரு ஒன்றில் இருக்கிறது அந்த வீடு. கட்டி நூறு வருடம் தாண்டியிருக்கும் என்றார்கள். பத்திரம் பார்க்கத் தேவைப்படவில்லை, சுவரே வயதைச் சொன்னது. ஒன்றரை அடி கனம், கடலிலிருந்து எடுத்த பவளக்கல், இடையில் சுண்ணாம்புச் சாந்து, மேலே சுண்ணாம்புக் காரைப் பூச்சு. ஒரு காலத்தில் இந்தக் கரைக்கு அதுதான் கல். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பவளத்தை வெட்டிக் கொண்டுவந்து வீடும் கட்டினார்கள், சுண்ணாம்பும் சுட்டார்கள். 1986இல் அங்கே கடல்சார் தேசியப் பூங்கா வந்தது. 2001இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் போனது. இன்றைக்கு அந்தச் சுவரில் ஒரு கல் உதிர்ந்தால் அதே கல்லைத் தேடி அடைக்க வழியில்லை.

வேலை நடந்தது ஒரே ஓர் அறையில். 14க்கு 11 அடி, உயரம் பத்தரை. வீட்டில் மூன்று பெண்பிள்ளைகள். அங்கே வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார், கல்யாணமாகும் பெண்ணுக்கென்று ஓர் அறை ஒழிய வேண்டும். 2020 ஜனவரியில் மூத்தவளுக்குக் கல்யாணம் நடந்தபோது இதே அறையில் சுவர் பொரிந்து, பெயிண்ட் செதில் செதிலாகக் கொட்டிக்கொண்டிருந்தது. நாள் இல்லை. கீழே சிமெண்ட் வைத்து, மேலே பட்டி பார்த்து, அதன்மேல் தங்க நிறப் பூப்போட்ட வினைல் வால்பேப்பர் ஒட்டினார்கள். மூன்று நாளில் அறை ஜோராக ஆகிவிட்டது. அதே நாளில் ஏசியும் வந்தது.

மூத்தவள் இப்போது வெளிநாட்டில். 2024 செப்டம்பர் கடைசியில் இரண்டாவது பெண்ணுக்கு நிக்காஹ் என்று முடிவானதும் மே மாதக் கடைசியில் சுவர் வேலைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு முன்னால் வந்து பார்த்த ஒருவர், "பேப்பரை உரிச்சு, கொத்திவிட்டு, வாட்டர்ப்ரூஃப் மருந்து கலந்த சிமெண்ட் பூசி, பட்டி போட்டு எட்டு நாள்ல குடுத்திடுறேன்" என்று சொல்லிப் போயிருந்தார். வீட்டம்மாவுக்கு அந்த எட்டு நாள் பிடித்துப் போயிருந்தது. துபாயில் இருக்கும் மகன்தான் இன்னொருவரையும் கேட்போம் என்றாராம்.

உரிக்கும் முன் பார்த்தவை

அறைக்குள் நுழைந்ததும் மூக்குக்கு வந்தது ஈரக் கோணிச் சாக்கு வாடை. ஒட்டுக்கோடுகள் பல இடங்களில் விரிந்திருந்தன. தெருப் பக்கச் சுவரில் தரையிலிருந்து நான்கடி வரை வால்பேப்பர் உப்பிக்கொண்டு நின்றது. விரலால் அழுத்தினால் உள்ளே மணல் நெரிகிற சத்தம்.

சுவர் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் பேப்பரில் கை வைக்கக் கூடாது என்பது என் பழக்கம். ஈரமானி கொண்டுபோயிருந்தேன். அது நான்கு சுவரிலும் உச்சத்தைக் காட்டியது. அதை நான் நம்பவில்லை. ஊசி குத்தும் வகை ஈரமானி மின்சாரம் கடத்துவதை வைத்துத்தான் ஈரத்தைக் கணக்கிடுகிறது. சுவரில் உப்பு இருந்தால் கொஞ்ச ஈரத்துக்கே ஆற்றில் விழுந்த மாதிரி எண் காட்டும். அதனால் பழைய முறை ஒன்றைச் செய்தோம். ஒவ்வொரு சுவரிலும் ஓரிடத்தில் பேப்பரைக் கிழித்துவிட்டு, ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டினோம். ஒரு நாள் கழித்துப் பார்த்தால் தாளின் உள்பக்கம், அதாவது சுவரை ஒட்டிய பக்கம், முத்து முத்தாகத் தண்ணீர். தெருச் சுவரில் அதிகம், முற்றச் சுவரில் கொஞ்சம், மற்ற இரண்டிலும் லேசான ஆவி மட்டும்.

வெளியே போய்த் தெருவைப் பார்த்தோம். பழைய சாலையைப் பெயர்க்காமல் அதன்மேலேயே சிமெண்ட் ரோடு போட்டு, பிறகு இன்னொன்றும் போட்டு, தெரு இப்போது வீட்டின் உள்தரையைவிட ஒரு சாண் உயரம். ஏசி தண்ணீர்க் குழாய் நேராகச் சுவரின் அடியில் சொட்டியது. வெளிச்சுவரின் கீழ் மூன்றடிக்குச் சிமெண்ட் பூச்சும் எனாமல் பெயிண்ட்டும். கீழே ஏறிய ஈரத்துக்கு வெளியே போக வழியில்லை. உள்ளே திரும்பினால் அங்கே வினைல்.

ஏசியும் வினைலும் சேர்வது கடற்கரையில் தனித் தொல்லை. குளிர்நாடுகளில் வீட்டுக்குள் சூடு, வெளியே குளிர். ஈரம் உள்ளிருந்து வெளியே போகும். இங்கே தலைகீழ். வெளிக்காற்றின் ஈரம் சுவர் வழியாகக் குளிர்ந்த அறையை நோக்கி வந்து, பிளாஸ்டிக் தோலில் முட்டி நின்று, அதன் பின்னாலேயே தண்ணீராகிறது. பசை மாவுப் பசை. பூஞ்சைக்கு அதைவிட நல்ல சாப்பாடு கிடைக்காது.

முதல் சுவர்: என் தவறு

ஜூன் முதல் வாரம் முற்றச் சுவரில் ஆரம்பித்தோம். கொத்தனார் திருப்புல்லாணிப் பக்கத்துக்காரர், அறுபதை நெருங்குகிறவர், சுண்ணாம்பு வேலை தெரிந்த சிலரில் ஒருவர். எல்லோரும் அவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். சித்தாள் இருவர்.

அறைக்குப் போகும் மின்சாரத்தை மெயின் பலகையிலேயே நிறுத்தினோம். சுவிட்ச் பெட்டிகளைப் பாலித்தீனால் சுற்றினோம். வினைலின் மேல்தோல் காய்ந்த நிலையிலேயே உரிந்து வந்தது. ஒரு மூலையைப் பட்டித் தகட்டால் தூக்கி, சுவருக்கு இணையாக, மெதுவாக இழுத்தால் 21 அங்குல அகலப் பட்டை முழுசாகக் கையில் வரும். வெளிப்பக்கமாக இழுத்தால் காரையைப் பிய்த்துக்கொண்டு வரும். மேஸ்திரி இரண்டே பட்டையில் அந்தக் கைவாகைப் பிடித்துவிட்டார். பின்னால் இருந்த வெள்ளைக் காகிதம் மட்டும் சுவரோடு நின்றது.

அதற்கு வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூடி கலந்து, புதிதாக வாங்கிய தோட்டத் தெளிப்பானில் அடிக்கச் சொன்னேன். இருபது நிமிடம் ஊறியதும் காகிதம் தோசை மாதிரி மடங்கி வந்தது. பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் சுவர் சுத்தம். இவ்வளவு சுலபமா என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் மேஸ்திரி போன் செய்தார். "தம்பி, சொவருக்கு நரைச்சுப்போச்சு, வந்து பாருங்க."

போய்ப் பார்த்தால் இடுப்புயரம் வரை வெள்ளைப் பஞ்சு. ஊசி ஊசியாக, கால் அங்குல நீளத்தில், ஊதினால் ஆடியது. மேஸ்திரி ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துக் காறித் துப்பினார். "கருவாடு போடலாம்."

தண்ணீர் எங்கே பிடித்தீர்கள் என்று அப்போதுதான் கேட்டேன். முற்றத்து போர் தண்ணீர். தண்ணீரில் கரைந்த உப்பை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும் டிடிஎஸ் மீட்டர் பையில் கிடந்தது, அதை வாளியில் விட்டால் 5,000-ஐத் தாண்டி ஓடியது. சித்தாளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எந்தத் தண்ணீர் என்று நான் சொல்லவே இல்லை. அந்த வீட்டில் குடிக்கிற தண்ணீர் குடக் கணக்கில் வருவது, மற்ற எல்லாவற்றுக்கும் போர்தான். சுவர் வேலை 'மற்ற எல்லாம்' கணக்கில் போய்விட்டது.

வீட்டம்மா எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "உப்பு வெளிய வந்துட்டா நல்லதுதானே தம்பி?" பாதி சரிதான். சுவருக்குள் ஏற்கெனவே இருக்கும் உப்பு மேலே வந்து காய்ந்தால் தட்டி எடுத்துவிடலாம். ஆனால் நாங்கள் இரண்டு காரியம் செய்திருந்தோம்: உள்ளே தூங்கிய உப்பைக் கரைத்து நடமாட விட்டோம், மேற்கொண்டு புதிதாகவும் கொஞ்சம் ஊட்டினோம். சாதா உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீர்த்துப் போகும், குறைந்தால் மறுபடி படிகமாகும். கடலோரத்தில் பல நாட்களில் ராத்திரி ஒன்று, பகலில் ஒன்று. படிகமாகும்போதெல்லாம் காரையின் துளைகளுக்குள் நெம்புகோல் போட்ட மாதிரி விரியும். சுவர் பொரிவது அப்படித்தான்.

மாற்றிய முடிவுகள்

வேலையைப் பத்து நாள் நிறுத்தினேன். பக்ரீத் குறுக்கே வந்ததால் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. ஜன்னல் இரண்டையும் திறந்து வைத்து, ஏசியை மூடிவிட்டோம். ஜூனில் இந்தப் பக்கம் கச்சான் காற்று. மழை இருக்காது, காற்று மட்டும் விடாமல் அடிக்கும். சுவர் காய அதைவிட நல்ல பருவம் இல்லை. பூத்த உப்பைக் காய்ந்த நார் பிரஷால் தட்டி, கீழே விரித்த செய்தித்தாளில் பிடித்து, வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டினோம். தண்ணீர் விட்டுக் கழுவவில்லை. கழுவினால் வந்த வழியே உள்ளே போய்விடும். முதல் வாரம் ஒரு சோற்றுக் கிண்ணம் நிறைய வந்தது. மூன்றாவது வாரம் ஒரு தேக்கரண்டி.

மற்ற மூன்று சுவருக்கும் குடிதண்ணீர்தான், அதுவும் தெளிப்பானில் இல்லை. கைத்தெளிப்புப் புட்டியில் பனி மாதிரி அடித்து, இரண்டடிக்கு இரண்டடி மட்டும் நனைத்து, எடுத்துவிட்டு அடுத்ததுக்குப் போவது. இரண்டு வாளி: ஒன்றில் ஸ்பாஞ்சை அலசுவது, இன்னொன்றில் நல்ல தண்ணீர் தொடுவது. "குடிக்கிற தண்ணிய சொவத்துல அடிக்கிறீங்களா?" என்று வீட்டம்மா பதறினார். மேஸ்திரி, "சொவரும் குடிக்கத்தான் செய்யுது லாத்தா" என்றார். அதற்குப் பிறகு அவர் தினமும் இரண்டு குடத்தைத் தானாகவே எடுத்து வாசலில் வைத்துவிடுவார்.

காகிதம் போன பிறகு பசை போய்விட்டதா என்று கண்ணால் சொல்ல முடியாது. காய்ந்த பசை கண்ணாடி மாதிரி நிறமற்றுக் கிடக்கும். அதன்மேல் காரை வைத்தால் அந்த ஈரத்தில் பசை மறுபடி இளகி, பூச்சு பிடிக்காமல் பலகையாக விடும். மருந்துக்கடையில் டிங்க்சர் அயோடின் வாங்கி, தண்ணீரில் கொஞ்சம் கலந்து பஞ்சில் தொட்டுச் சுவரில் வைத்தோம். மாவுப் பசை இருந்த இடம் நாவல்பழக் கறையாகக் கறுத்தது, இல்லாத இடம் வெறும் மஞ்சளாக நின்றது. சித்தாள்களுக்கு இது பிடித்துவிட்டது. மூலை மூலையாகத் தொட்டுப் பார்த்து, கறுத்த இடத்தையெல்லாம் மறுபடி துடைத்தார்கள். ஒட்டுக்கோடு விழுந்த இடங்களில் மூன்று தடவை துடைக்க வேண்டியிருந்தது. பசையில் மாவு இல்லாமல் வேறு வகை இருந்தால் இந்தச் சோதனை பேசாது, அதையும் சொல்லிவிடுகிறேன். அப்போது ஈர விரலால் தேய்த்து வழவழப்பு இருக்கிறதா என்று பார்ப்பதுதான்.

தெருச் சுவர்

கீழ் நான்கடிக்கு, வால்பேப்பருக்குப் பின்னால் பட்டி, பட்டிக்குப் பின்னால் சிமெண்ட், அதற்குப் பின்னால் மாவாகிப்போன சுண்ணாம்பு. சிமெண்டை நெம்பினால் அது தன்னோடு பழைய காரையையும் கல்லின் முகத்தையும் பிடுங்கிக்கொண்டு வந்தது. மெலிந்த உளி, சின்னச் சுத்தியல், சாய்த்துத்தான் அடிக்க வேண்டும் என்று சொன்னேன். மெஷின் வேண்டாம். பவளக்கல் அதிர்வு தாங்காது.

எவ்வளவு கொத்துவது என்பதில் எனக்கும் மேஸ்திரிக்கும் ஒரு வாக்குவாதம். அவர் கூரை வரை முழுவதையும் இறக்கிவிடலாம் என்றார். விரல் கணுவால் தட்டிக்கொண்டே போனோம். கீழே டொக் டொக் என்று பொள்ளல் சத்தம், ஐந்தடிக்கு மேல் கல்லில் தட்டிய மாதிரி கெட்டிச் சத்தம். நூறு வருடம் நின்ற காரையை இன்னொரு நூறு வருடம் நிற்குமா என்று தெரியாத காரைக்காக உடைக்க எனக்கு மனசில்லை. கடைசியில் பொள்ளல் இருந்த இடத்துக்கு மேல் ஒரு முழம் வரை மட்டும் எடுத்தோம். பழையதும் புதியதும் சேரும் இடம் பின்னால் மயிரிழைக் கோடு விடும் என்று அவர் எச்சரித்தார். விட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கல் இடுக்குகளில் இருந்த செத்த சாந்தை முக்கால் அங்குல ஆழத்துக்குச் சுரண்டி எடுத்தோம். கல் கரைந்து குழியான இடங்களில் நாட்டு ஓட்டுச் சில்லை வைத்துச் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்தோம். தெருச் சுவரில் உப்பு அதிகம் என்பதால், கீழ் மூன்றடிக்குச் செய்தித்தாள் கூழ் அப்பினோம். பழைய தாளைக் கிழித்து நல்ல தண்ணீரில் ஊறவைத்து அரைத்து, அரை அங்குலக் கனத்தில் ஒட்டிவிடுவது. ஈரம் கல்லுக்குள் போய் உப்பைக் கரைத்து, காயும்போது அதைக் கூழுக்குள் இழுத்துக்கொண்டு வரும். இரண்டு வாரம் கழித்துத் தானாகவே அப்பளம் மாதிரி விட்டு வந்தது. ஓரமெல்லாம் வெள்ளை. இன்னொரு தடவை செய்தோம்.

ஏசித் தண்ணீர்க் குழாயைச் சாக்கடை வரை நீட்டினோம். வெளிப்பக்க எனாமலைச் சுரண்டினோம். வெளிச் சிமெண்டை எடுக்கவில்லை. தெருவில் சாரம் போட வேண்டும், எதிர்வீட்டில் அந்த வாரம் ஒரு விசேஷம், வீட்டார் கையிலும் பணம் இறுகியிருந்தது. அப்புறம் பார்ப்போம் என்று விட்டேன்.

பூச்சு

கிளிஞ்சல் சுண்ணாம்பை ஜூன் தொடக்கத்திலேயே நீற்றித் தொட்டியில் ஊறப் போட்டிருந்தோம். இது ஒன்றுதான் முதலிலிருந்தே சரியாகச் செய்த காரியம். ஒன்றரை மாதத்துக்கு மேல் ஊறிய சுண்ணாம்பு வெண்ணெய் மாதிரி கரணையில் நின்றது.

மணல் வந்த முதல் லோடைத் திருப்பி அனுப்பினேன். ஆற்று மணல் என்றுதான் கொடுத்தார்கள். ஒரு டம்ளர் மணலை இரண்டு டம்ளர் நல்ல தண்ணீரில் கலக்கி, தெளிந்த நீரில் மீட்டரை விட்டேன். 380 காட்டிய தண்ணீர் 2,000-ஐத் தாண்டியது. இரும்பில்லாத கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் குளோரைடு வரை விடலாம் என்கிறது கான்கிரீட்டுக்கான 2000ஆம் ஆண்டு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456, கம்பி இருந்தால் 500 என்கிறது. அது கான்கிரீட்டுக்கான கணக்கு. ஏற்கெனவே உப்பில் ஊறிய சுவருக்கு அந்தச் சலுகை பொருந்தாது.

முதல் பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, அரைப் பங்கு சுர்க்கி, அதாவது செங்கல் தூள், இரண்டரைப் பங்கு மணல். கிளிஞ்சல் சுண்ணாம்பு காற்றைக் குடித்துத்தான் இறுகும், அதற்கு நாள் பிடிக்கும். சுர்க்கி கொஞ்சம் கைகொடுக்கும். கடுக்காய் ஊறல் சேர்க்க வேண்டும் என்றார் மேஸ்திரி, சரி என்றேன். கருப்பட்டியும் வேண்டும் என்றார். சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டியே கொண்டுவந்திருந்தார். இப்போதுதான் மாவுப் பசையைச் சுரண்டி எடுத்தோம், மறுபடி இனிப்பா என்று இழுத்தேன். கடைசியில் கைப்பிடி அளவோடு நிறுத்திக்கொண்டோம். அவர் முகம் சரியாக மூன்று நாள் ஆனது.

ஜூலை கடைசியில் முதல் பூச்சு, பன்னிரண்டு நாள் விட்டு இரண்டாவது, பிறகு மெல்லிய மூன்றாவது. ஒவ்வொன்றும் அரை அங்குலத்துக்கு மேல் போகவில்லை. ஈரச் சாக்கை ஜன்னலில் தொங்கவிட்டு, காலை மாலை நல்ல தண்ணீர் தெளித்தோம்.

பளபளப்பு வேண்டும் என்பதுதான் கடைசிச் சிக்கல். வீடியோவில் சுவர் மங்கலாகத் தெரியும் என்று மணப்பெண்ணே சொன்னாள். பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் வினைலை மறுபடி ஒட்டியது மாதிரிதான். வெளிர் மஞ்சள் கலந்த சுண்ணாம்பு வெள்ளை நான்கு கை அடித்தோம். கட்டிலுக்குப் பின்னால் மட்டும் மரச்சட்டத்தில் ஜரிகைத் துணி கட்டி, சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி நிறுத்தினோம். நிக்காஹுக்குப் பதினோரு நாள் இருக்கும்போது அறையை ஒப்படைத்தேன்.

பிறகு நடந்தது

2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது நினைவிருக்கும். கீழக்கரையில் அந்த அளவு இல்லை, ஆனாலும் அந்த வாரம் முழுக்க இந்தத் தெருவில் தண்ணீர் நின்றது. டிசம்பர் முதல் வாரம் போய்ப் பார்த்தேன். அறையில் சாக்கு வாடை இல்லை. மூன்று சுவர் அப்படியே இருந்தன, போர் தண்ணீர் குடித்த முற்றச் சுவர் உட்பட. அதன் கீழ் ஓரத்தில் மட்டும் விரலால் துடைத்தால் போகும் அளவு வெண்மை. தெருச் சுவரில் மேஸ்திரி சொன்ன மயிரிழைக் கோடு பழையதும் புதியதும் சேரும் இடத்தில் ஓடியது. தரையை ஒட்டி ஒன்பது அங்குல உயரம், ஐந்தடி நீளத்துக்குப் பூச்சு பொரிந்திருந்தது. வெளியே சிமெண்ட் விட்டுவைத்த இடத்துக்கு நேர் உள்ளே.

வீட்டம்மா கோபப்படவில்லை. முன்னால் நான்கடி, இப்போது ஒரு சாண் என்றார். எனக்கு அந்தக் கணக்கு அவ்வளவு ஆறுதல் தரவில்லை.

மறுபடி செய்தால்

முதல் நாளே தண்ணீரை மீட்டரில் பார்த்துவிட்டு, எந்தக் குடம் எதற்கு என்று சுவரிலேயே சாக்பீஸால் எழுதி வைப்பேன். வெளிச் சிமெண்டை உள்வேலைக்கு முன்னால் எடுப்பேன். அதற்குப் பணமில்லை என்றால் உள்ளே கீழ் ஓரடியைப் பூசாமல் காய விட்டு, அதன் முன்னால் ஒரு பலகை சாத்திவைப்பேன். ஏசியை மறுபடி ஓடவிடும் நாளைத் தள்ளச் சொல்லியிருக்கலாம், சொன்னால் கேட்டிருப்பார்களா தெரியாது. எட்டு நாள் என்று சொன்னவர் மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. கல்யாண வீட்டில் நான்கு மாதம் கேட்க எனக்கே வாய் வரவில்லை, மகன் போனில் இருந்ததால்தான் கேட்டேன்.

2025 மே மாதம் கச்சான் தொடங்கும்போது வெளிச் சிமெண்டை இறக்கினோம். உள்ளே அந்த ஒன்பது அங்குலத்தை உரித்து, ஒரு மாதம் திறந்து போட்டுவிட்டு, அதே மீதிச் சுண்ணாம்பால் பூசினோம். தொட்டியில் இன்னும் கால்வாசி இருக்கிறது. மூன்றாவது பெண்ணுக்கு ஆகும் என்று மேல் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்கிறார் வீட்டம்மா, குடிதண்ணீரில்.